கோடு போடுமுன் ஊரைக் கேளுங்கள்

விருத்தாசலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை என்னுடையதும்தான். கடலூர் மாவட்டத்து மங்களூரில் மக்காச்சோளமும் பருத்தியும் போடும் நான், ஆட்சியரிடம் ஒரு மனு கொடுக்க நூறு கிலோமீட்டருக்குக் கிட்டப் பயணம் செய்து கடலூர் போக வேண்டும். மனு வாங்கும் திங்கட்கிழமையின் வேலை முழுக்கப் பேருந்திலேயே போய்விடும். மாவட்டம் பிரியட்டும். ஆனால் அதன் எல்லையைச் சென்னையில் வரைபடத்தை விரித்து மட்டும் முடிவு செய்யக் கூடாது.

அங்கே வாழ்பவர்களைக் கேட்காமல் எல்லை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1845-இல் டெக்சாஸை இணைத்துக்கொண்டது அமெரிக்கா. டெக்சாஸின் எல்லை நியூசஸ் ஆறு என்றது மெக்சிகோ. ரியோ கிராண்டே ஆறு என்றார் ஜனாதிபதி போல்க். இரண்டுக்கும் நடுவிலிருந்த நிலத்துக்குப் படையை அனுப்பினார். 1846-இல் போர் மூண்டது. அமெரிக்க மண்ணில் ரத்தம் சிந்தப்பட்டதாக அவர் சொன்னபோது, அந்த இடம் எது, அங்கே குடியிருந்தவர்கள் என்றைக்காவது அமெரிக்க ஆட்சியை ஏற்றார்களா என்று 1847-இல் நாடாளுமன்றத்தில் கேட்டார் ஆபிரகாம் லிங்கன். அந்தக் கேள்வியை யாரும் பொருட்படுத்தவில்லை. 1848 ஒப்பந்தத்தில் மெக்சிகோ ஏறத்தாழப் பாதி நாட்டை இழந்தது.

நம்மிடம் அதைவிட நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. ம.பொ.சி.யும் தோழர்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், சென்னை, ஆந்திர மாநிலங்களின் எல்லைத் தகராறைத் தீர்க்க நடுவராக வந்த படாஸ்கர் கிராமத்தையே அலகாக வைத்தார். அங்கே பெரும்பாலோர் பேசும் மொழி எது, ஊர்கள் தொடர்ச்சியாக அமைகின்றனவா என்று பார்த்துப் பரிந்துரைத்தார். இரு மாநிலங்களும் ஊர்களைக் கொடுத்து வாங்கின. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி நம்மோடு சேர்ந்தது.

மாவட்ட எல்லைக்கும் கிராமமே அலகாகட்டும். எங்கள் ஊர்ப் பெயரில் இருந்த சட்டமன்றத் தொகுதி 2008 மறுசீரமைப்பில் மறைந்து திட்டக்குடி ஆனது. எங்கள் தெருவில் யாரையும் யாரும் கேட்கவில்லை. இந்த முறை கேட்க வேண்டும். எங்கள் ஒன்றியத்தின் மேற்குப் பகுதி ஊர்களுக்குப் பெரம்பலூர்தான் பக்கம். விருத்தாசலமா, பெரம்பலூரா என்று அவர்களே சொல்லட்டும். பாசனத்தையும் பார்க்க வேண்டும்: எங்கள் பகுதி வெலிங்டன் ஏரி ஒரு மாவட்டத்திலும் அதன் ஆயக்கட்டு இன்னொன்றிலும் சிக்கினால், மதகு திறக்கவே இரண்டு ஆட்சியர்கள் பேச வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு ஊராட்சியிலும் இதற்கென்றே கிராமசபை கூடி, தீர்மானம் எழுதட்டும். அந்தத் தீர்மானங்களைப் படித்து, ஏற்காத இடத்தில் காரணம் சொல்லிய பிறகே அரசு எல்லையை அறிவிக்க வேண்டும்.