மேல் தட்டு கீழ்த் தட்டு ஆன கதை

பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை, பல பெரும் பாறைத் தட்டுகளாகப் பிரிந்து மெள்ள மெள்ள நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதை நேயர்கள் அறிவார்கள். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி, சுமத்திராவுக்கு அருகில் ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் புகும் இடத்தில் உண்டான அதிர்ச்சியே நாகப்பட்டினத்துக் கரையைக் கடலுக்குப் பலி கொடுத்தது. இதனை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஸார், எப்போதும் ஒரே தட்டுத்தான் அடியில் போக வேண்டுமா?" என்று கேட்டான். கடைசிப் பெஞ்சிக் கேள்விகளை நாம் அலட்சியம் செய்வதில்லை.

அடியில் போவது கனத்தைப் பொறுத்த விஷயம். கடலடிப் பாறை வயதாக ஆகக் குளிர்ந்து கனக்கிறது, கனத்தது அமிழ்கிறது. அமிழும் இடத்தில் ஆழ்ந்த அகழியும், மேலே நிற்கும் தட்டின் ஓரத்தில் எரிமலைத் தீவுகளும் உண்டாகின்றன. ஆனால் அமிழ்ந்துவரும் தட்டின் முதுகில், அமிழ மறுக்கும் பெரும் சுமை ஒன்று இருந்துவிட்டால்?

ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே உள்ள ஸாலமன் தீவுகளில் நடந்தது இதுதான். ஆதியில் பஸிபிக் தட்டு வடக்கேயிருந்து வந்து இத்தீவுகளின் அடியில் புகுந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் ஒண்டாங் ஜாவா என்னும் கடலடிப் பீடபூமி. சுமார் 12 கோடி வருஷங்களுக்கு முன் பொங்கிய எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானது அது. சாதாரணக் கடலடி ஓடு 7 கிலோமீட்டர் கனம். இதுவோ 30 கிலோமீட்டருக்கும் மேல்! சிறிய வாசலில் பெரிய கட்டிலை நுழைக்கப் பார்த்தவர்களுக்கு, அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. பீடபூமி அகழியை அடைத்துக்கொண்டது. அதன் மேற்புறம் சிறிது பிய்ந்து கடலுக்கு மேலும் எழும்பிற்று. மலைட்டா தீவில் அந்தப் பாறையை இன்றும் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

வழி அடைபட்டதே தவிர, தட்டுகள் நெருங்குவது நிற்கவில்லை. ஆகவே அதுகாறும் மேலே இருந்த ஆஸ்திரேலியத் தட்டு, தீவுகளுக்குத் தெற்கே முறிந்து, தானே வடகிழக்காக அமிழத் தொடங்கியது. தீவுகள் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றின் அடியில் புகுவது எது என்பது மாத்திரம் மாறிவிட்டது. இம்மாறுதல் முற்றுப்பெற்ற காலத்தைப் பற்றிச் சாஸ்திரிகளுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. கோடி வருஷக் கணக்கில் சொல்லும்போது அதை நாம் மன்னித்துவிடலாம்.

வடக்கே பழைய அகழி இப்போது பெரும்பாலும் ஓய்ந்து கிடக்கிறது. அபாயம் தெற்கே குடி பெயர்ந்துவிட்டது. இரு தட்டுகளும் அங்கே வருஷத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் நெருங்குகின்றன. 2007-ஆம் வருஷம் ஏப்ரல் 2-ந் தேதி காலை அத்தெற்கு எல்லை அதிர்ந்தது. அதன் அளவு 8.1. ரனோங்கா தீவு ஆள் உயரத்துக்கு மேல் கடலிலிருந்து தூக்கப்பட்டது. பவளப் பாறைகள் வெயிலில் வெளுத்து மடிந்தன. பழைய கரையில் நின்று பார்த்தால், நேற்று வரை மீன் பிடித்த இடம் உலர்ந்த கல்தரை!

சில நிமிஷங்களில் கடற்பேரலை கீஸோ தீவைத் தாக்கியது. மாண்டவர் 52 பேர். தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த சுதேசிகள், கடல் உள்வாங்கியதைக் கண்டதும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினார்கள். ஆனால் அங்கே வேறொரு கூட்டத்தாரும் இருந்தனர். 1950-களிலும் 60-களிலும் பிரிட்டிஷ் அதிகாரிகள் தொலைவிலுள்ள பவளத் தீவுகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய கில்பெர்ட் தீவினர் அவர்கள். இந்த அகழியைப் பற்றி அவர்களுடைய பாட்டிமார் கதை ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. நீர் வற்றிய கடலடியை வேடிக்கை பார்க்க அவர்களுடைய குழந்தைகள் இறங்கிச் சென்றார்கள். தொகைக்கு மிஞ்சிய விகிதத்தில் உயிர் இழந்தவர்கள் அவர்களே.