தர்மத்தின் பேரால் பந்தயம்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துத் தோழர்கள் சிலர் நம்மிடம் ஒரு யோசனை கேட்டிருக்கின்றார்கள். கிரிக்கெட்டு, கால்பந்து, கபடி முதலிய ஆட்டங்களின் முடிவை முன்கூட்டியே ஊகித்து எழுதிப் போடும்படியான போட்டி ஒன்று வைத்து, ஆளுக்கு இவ்வளவென்று வசூல் செய்து, அப்பணத்தைப் படிப்பகத்துக்கோ, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கோ, வைத்தியத்துக்கு வழியில்லாதவருக்கோ கொடுக்கலாமா, அது சூதாட்டம் ஆகுமா ஆகாதா என்பதே அவர்கள் கேள்வி.

ஆகும் என்றும் சொல்லலாம். ஆகாது என்றும் சொல்லலாம். பரிசுப் பணம் யாருடைய மடியிலிருந்து வருகின்றது என்று பார்த்துவிட்டால் இதற்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

சாதாரணமாக இப்படிப்பட்ட போட்டிகள் நடக்கக்கூடிய மாதிரியைக் கவனிப்போம். 300 பேர் ஆளுக்கு 50 ரூபாய் போட்டால் 15,000 ரூபாய் சேரும். இதில் முதல் பரிசு 8,000, இரண்டாம் பரிசு 4,000. நோட்டீசு, மைக், பந்தல், வந்தவர்களுக்குக் காப்பி என்று ஒரு 2,000. மீதி 1,000 ரூபாயை மேடையில் ஒரு தலைவர் கையால் ஓர் ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்து, போட்டோவும் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லித்தானே 15,000 ரூபாய் வசூலாயிற்று? அதில் 12,000 ரூபாய் இரண்டு பேர் மடிக்குப் போவதற்குத் தர்மம் என்று பெயர் வைத்தால், திருட்டுக்குத் தானம் என்று ஏன் பெயர் வைக்கக்கூடாது என்று கேட்கின்றோம். பணம் கட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த 8,000 ரூபாயை நினைத்துக் கட்டினார்களே ஒழிய, பிள்ளையை நினைத்துக் கட்டவில்லை.

தர்மத்துக்கும் சூதுக்கும் சிநேகம் ஏற்பட்டது நம் நாட்டில் இன்று நேற்றல்ல. பெண்டாட்டியைப் பணயம் வைத்துச் சூதாடியவனுக்குத்தான் நமது புராணக்காரர்கள் தர்மபுத்திரன் என்று பேர் கொடுத்தார்கள். அவனுடைய தம்பிமார்களாவது, மனைவியாவது, “இது உன் சொத்தா, எங்களைக் கேட்டா வைத்தாய்?” என்று அவனைச் சபையை விட்டு இழுத்துக்கொண்டு போனதாகக் கதையில்லை. வடநாட்டில் தீபாவளி இரவில் சூதாடினால் லட்சுமி வருவாள் என்று இன்றைக்கும் ஆடுகின்றார்கள். கடவுளே சொக்கட்டான் ஆடுகின்ற மதத்தில் பக்தன் சீட்டாடினால் குற்றம் சொல்ல யாருக்கு வாய் வரும்?

புராணம் இருக்கட்டும், நமது சர்க்காரின் யோக்கியதையையும் பார்ப்போம். 1968 இல் அண்ணாதுரை அவர்கள் முதல்மந்திரியாக இருந்த காலத்தில் சர்க்காரே பரிசுச் சீட்டு விற்க ஆரம்பித்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்பதாக அப்பொழுது ஒரு பேச்சு. நாட்டுக்குத்தானே போகின்றது என்று பகுத்தறிவுள்ளவர்கள்கூடச் சும்மா இருந்தார்கள். நாளாக ஆகச் சீட்டுகளின் வகையும் பெருகிற்று, கடையும் பெருகிற்று. கூலி வேலை செய்கின்றவன் சாயங்காலம் அரிசிக் கடைக்குப் போவதற்கு முன் சீட்டுக் கடைக்குப் போக ஆரம்பித்தான். கடைசியில் 2003 ஜனவரியில் ஜெயலலிதா அவர்களின் சர்க்கார் எல்லா லாட்டரிச் சீட்டு விற்பனையையும் தமிழ்நாட்டில் தடை செய்யும்படி ஆயிற்று. நாட்டு நன்மைக்கென்று ஆரம்பித்த ஒன்றை நாட்டு நன்மைக்கென்றே நிறுத்த வேண்டிவந்தது என்றால், அந்த நன்மையின் லட்சணத்தை நாம் விவரிக்கவேண்டியதில்லை.

சீட்டுக் கடை போய்க் கைப்பேசி வந்தது. முன்பு கடைக்கு நடந்தாவது போக வேண்டும். இப்பொழுது படுக்கையிலேயே கடை. ரம்மியென்றும், கிரிக்கெட்டு அணி சேர்ப்பதென்றும் ஆடிக் கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தி பத்திரிகைகளில் வந்துகொண்டே இருந்தபின், 2022 இல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்கள் தலைமையில் தமிழ்நாடு சர்க்கார் ஒரு குழு போட்டது; சட்டமும் செய்தது. அந்த மசோதாவுக்குக் கவர்னர் கையெழுத்து 2023 ஏப்ரலில்தான் கிடைத்தது. பின்பு 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டும் பணம் வைத்து ஆடும் கைப்பேசி ஆட்டங்களுக்கு நாடு முழுவதும் தடை விதித்துச் சட்டம் செய்தது. அதுவரையில் இந்திய கிரிக்கெட்டு அணியின் சட்டையிலேயே அப்படிப்பட்ட ஒரு கம்பெனியின் பேர்தான் எழுதியிருந்தது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கம்பெனிக்காரர்கள் இத்தனை வருஷம் சொல்லிவந்த சமாதானம் ஒன்றே ஒன்றுதான். “இது அதிர்ஷ்டமல்ல, திறமை” என்பது. சென்னைக் கிண்டியில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974 இல் தமிழ்நாடு சட்டசபை சட்டம் செய்தது. அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், குதிரைப் பந்தயம் திறமையைச் சேர்ந்தது, சூது அல்ல என்று 1996 இல் தீர்ப்பாயிற்று. ஓடுகின்ற குதிரைக்குத் திறமை இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஓட்டுகின்றவனுக்கும் இருக்கலாம். வேலிக்கு வெளியே நின்று வீட்டு வாடகையைக் கட்டிவிட்டுக் கூச்சல் போடுகின்றவனுக்கு என்ன திறமை என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

உண்மையில் இந்த வியாபாரத்தில் திறமைசாலி யார் என்பதற்குச் சீமையிலேயே அத்தாட்சி இருக்கின்றது. 1923 இல் ஜான் மூர்ஸ் என்பவர் இரண்டு கூட்டாளிகளுடன் சேர்ந்து கால்பந்து ஆட்ட முடிவுகளை ஊகிக்கும் சீட்டுத் தொழிலைத் தொடங்கினார். முதல் தடவை மான்செஸ்டர் மைதான வாசலில் 4,000 சீட்டு கொடுத்ததில் 35 தான் திரும்பி வந்தது. கூட்டாளிகள் விலகிக்கொண்டார்கள். மூர்ஸ் விடாமல் நடத்திப் பெரிய கோடீஸ்வரரானார். வாரந்தோறும் சீட்டு எழுதிய லட்சக்கணக்கான தொழிலாளிகள் கோடீஸ்வரர்கள் ஆகவில்லை. அதே நாட்டில் தர்ம சங்கங்கள் சிறு லாட்டரி நடத்தினால் நூற்றுக்கு 20 பங்காவது தர்மத்துக்குப் போகவேண்டும் என்று 2005 ஆம் வருஷச் சட்டம் சொல்லுகின்றது. அப்படியானால் 80 பங்கு வேறெங்காவது போனாலும் சட்டத்துக்குத் திருப்தி! நம் தோழர்கள் இந்த அளவுகோலை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிற்க, இவ்வளவு சொன்னதினால் ஊகப் போட்டியே கூடாதென்பது நம் கருத்தல்ல. கட்டணம், அதிர்ஷ்டம், பணப் பரிசு ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தால்தான் அது சூது. பரிசுப் பணத்தை எடுத்துவிடுங்கள். வசூலான காசு அவ்வளவும், ஒரு காசு குறையாமல், சொன்ன காரியத்துக்கே போகட்டும். ஜெயித்தவனுக்குச் சபையில் கைதட்டலும் ஒரு புத்தகமும் போதும். அப்பொழுது 50 ரூபாய் கொடுப்பவன் கொடுக்கத்தான் கொடுக்கின்றான். ஊகிப்பது அவனுக்கு வேடிக்கை. பணம் கொடுக்க இயலாதவனும் சீட்டு எழுதட்டும். அவனை விலக்க வேண்டியதில்லை. வேப்பந்தட்டையிலும் குன்னத்திலும் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றவனும், அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிக்குக் கூலி வேலை பார்க்கின்றவனும் அந்த நேரம் சிரித்துப் பேசி இருப்பதில் நமக்கு என்ன ஆட்சேபணை?

ஆட்சேபணை இல்லை என்பது மாத்திரமல்ல. இதில் நம் பிரசாரத்துக்கே ஒரு பெரிய லாபமிருக்கின்றது என்றும் சொல்லுவோம். 2010 ஆம் வருஷம் உலகக் கோப்பைக் கால்பந்தின்போது ஜெர்மனி தேசத்தில் பால் என்று பேர் வைத்த ஆக்டோபஸ் ஒன்று இருந்தது. தொட்டிக்குள் இரண்டு பெட்டியில் இரண்டு தேசத்துக் கொடியை ஒட்டித் தீனி போட்டால், அது எந்தப் பெட்டிக்குப் போகின்றதோ அந்தத் தேசம் ஜெயிக்கும் என்றார்கள். எட்டு ஆட்டத்திலும் அது சொன்னபடியே நடந்ததும் உலகமே அதைக் கும்பிட ஆரம்பித்தது. அதே சமயம் சிங்கப்பூரில் நம் தமிழர் ஒருவரின் ஜோசியக் கிளியும் சில ஆட்டங்களைச் சரியாகச் சொல்லிப் பேரெடுத்தது. கடைசி ஆட்டத்தில் கிளி டச்சுக்காரர்கள் என்றது. ஆக்டோபஸ் ஸ்பெயின் என்றது. ஸ்பெயின் ஜெயித்தது. எட்டுக் கால் பிராணிக்கு ஞானதிருஷ்டி உண்டு, சீட்டெடுக்கும் கிளிக்கு இல்லை என்று ஆயிற்றா? முந்திய 2008 ஆம் வருஷம் ஐரோப்பியப் போட்டியில் அதே ஆக்டோபஸ் ஆறில் இரண்டைத் தப்பாகச் சொன்னதை யாரும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

இதன் ரகசியத்தை ஒரு கிராமத்திலேயே காட்டிவிடலாம். ஓர் ஆட்டத்துக்கு இரண்டில் ஒன்று என்றால் எட்டு ஆட்டத்துக்கு 256 விதமாகச் சீட்டு எழுதலாம். 256 பேர் ஆளுக்கு ஒரு விதமாக எழுதிப் போட்டால், யாராவது ஒருவனுக்கு எட்டும் சரியாக இருந்தே தீரும். அவன் ஆட்டமே தெரியாதவனாக இருந்தாலும் சரி. இதை வேறு மாதிரி உபயோகிக்கும் அயோக்கியர்களும் உண்டு. ஒருவன் 1,024 பேருக்குக் கைப்பேசியில் நாளை ஜெயிக்கும் கட்சி இது என்று சேதி அனுப்புவான். பாதிப் பேருக்கு ஒன்று, மறுபாதிக்கு மற்றொன்று. சரியாகப் போனவர்களுக்கு மாத்திரம் அடுத்த நாளும் அதேபோல் அனுப்புவான். ஐந்து ஆட்டம் முடிந்ததும் 32 பேருக்கு அவன் சொன்னது ஐந்தும் பலித்திருக்கும். அந்த 32 பேரிடமும் ஆறாவது ஆட்டத்துக்கு ஆளுக்குப் பத்தாயிரம் கேட்பான். கொடுப்பார்கள். ஜாதகமும், குறியும், வாஸ்துவும் நிற்பது இதே கணக்கில்தான். பலித்தவன் ஊரெல்லாம் சொல்லுகின்றான், பலிக்காதவன் தலைவிதி என்று வாயை மூடிக்கொள்ளுகின்றான்.

ஆகவே ஊரில் ஊகப் போட்டி வைக்கின்ற தோழர்கள் அங்குள்ள ஜோசியருக்கும் மரியாதையாக ஒரு சீட்டு கொடுக்கட்டும். கட்டணம் வேண்டாம். அவர் சொன்னதையும், பள்ளிக்கூடத்துப் பையன் சொன்னதையும், காசைச் சுண்டிப் பார்த்து எழுதிய ஒரு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி முப்பது நாற்பது ஆட்டத்துக்குக் கணக்கு வைத்தால், நாம் பத்து மீட்டிங்கு போட்டுப் பேசுவதை அந்தச் சுவர் பேசிவிடும். ஜோசியர் சீட்டு வாங்க மறுத்தால் அதையும் எழுதி ஒட்டலாம்.

ஒரு விஷயத்தில் மாத்திரம் கண்டிப்பாயிருக்க வேண்டும். உள்ளூர்க் கபடி ஆட்டத்தின் முடிவின்மேல் இந்தப் போட்டியை வைக்கக்கூடாது. நம் பக்கத்தில் இரவு விளக்குப் போட்டு நடக்கும் கபடிக்கு எத்தனை கூட்டம் வரும் என்பது தெரிந்ததே. அங்கே பாடிப் போகின்றவன் நம் ஊர்ப் பையன். தான் தோற்றால் யாருக்கோ லாபம் என்று ஏற்பட்டுவிட்டால் அவன் காலை யாராவது பிடிப்பார்கள். பரிசு வெறும் புத்தகமாயிருந்தாலும் வெளியில் அதன்மேல் கள்ளப் பந்தயம் கிளம்பும். தென்னாப்பிரிக்காவின் கிரிக்கெட்டுத் தலைவர் குரோனியே பந்தயக்காரர்களிடம் பணம் வாங்கியதை 2000 இல் ஒப்புக்கொண்டு ஆயுள் முழுதும் தடைபெற்றார். 2013 ஐ.பி.எல். பந்தய விவகாரத்தால் சென்னை அணி 2016, 2017 ஆகிய இரண்டு வருஷம் ஆட முடியாமல் போயிற்று. அவ்வளவு சம்பளம் வாங்குகின்றவர்களுக்கே அந்தக் கதி. தூரத்து ஆட்டங்களை ஊகியுங்கள். ஊர்ப் பையன்களை நிம்மதியாக ஆட விடுங்கள்.

மற்றபடி ஏற்பாடுகள் சாதாரணமானவை. ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே பெட்டியைப் பூட்டிவிட வேண்டும். சாவி ஒருவரிடமும் பெட்டி வேறொருவரிடமும் இருப்பது நலம். கடன் சொல்லிச் சீட்டு எழுத இடங்கொடுக்கக் கூடாது. ஒருவன் ஒரு சீட்டுக்கு மேல் எழுதவும் கூடாது, இரண்டாவது சீட்டில்தான் ஆசை ஆரம்பமாகின்றது. யார் எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு சேர்ந்தது, எந்தத் தேதியில் யாருக்கு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை டீக்கடைச் சுவரிலும் படிப்பகச் சுவரிலும் ஒட்டிவிட வேண்டும். நோட்டீசுச் செலவைப் போட்டி நடத்துகின்றவர்களே ஏற்றுக்கொள்ளட்டும். பரிசாகக் கொடுக்கும் புத்தகத்துக்குக்கூடப் பெட்டியிலிருந்து காசு எடுக்க வேண்டாம். யாராவது ஒரு தோழர் தம் கைப்பணத்தில் வாங்கிக் கொடுத்தால் போதும்.