இல்லறக் கணக்கு: வளையலைக் கழற்றுமுன் புகையைப் பாருங்கள்

இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் ஊறுகாயில் பூசணம் பூத்த விஷயமும், பட்டுப் புடவையில் எண்ணெய்க் கறை பட்ட விஷயமுந்தான் அதிகம். இந்த வாரம் சேலத்துச் சகோதரி ஒருவர் லாரியைப் பற்றி எழுதியிருக்கிறார். "லாரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடிதத்தைக் கேட்டால் சம்பந்தம் விளங்கிவிடும்.

அவர் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு லாரி. வயது பதினேழு. அந்த வண்டி ஓடித்தான் இரண்டு குழந்தைகள் படித்தார்கள். ஆறு மாதமாக அது டீசலையும் குடிக்கிறதாம், என்ஜின் ஆயிலையும் குடிக்கிறதாம். பாரத்தோடு மேடு ஏறினால் மூச்சுத் திணறி நின்றுவிடுகிறதாம். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "என்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டியதுதான்" என்று ஒரு பெரிய தொகை சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரருக்கோ டிரைவர் டீசலைத் திருடுகிறாரோ என்று சந்தேகம். அந்த டிரைவர் பன்னிரண்டு வருஷமாகக் கூடவே இருக்கிற மனிதர்! "மிச்சமிருப்பது ஒரு ஜோடி வளையல். அதை அடகு வைப்பதா, டிரைவரை நிறுத்துவதா?" என்று கேட்கிறார் சகோதரி.

அம்மா, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

கணக்கு எங்கே?

"வண்டி நிறையக் குடிக்கிறது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். பால்காரருக்கும் வண்ணானுக்கும் கணக்கு வைக்கிற நமக்கு இது பெரிய வித்தையா என்ன?

டாங்கை வாய் வரை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அதே பங்கில் அதேபோல் வாய் வரை நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுத வேண்டும். ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். ஒரு தடவை போதாது. நாலு தடவையாவது பார்க்க வேண்டும். எவ்வளவு பாரம், எந்த ஊர் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். காலி வண்டியின் கணக்கைப் பாரவண்டியின் கணக்கோடு ஒப்பிட்டால் வீண் சண்டைதான் மிச்சம்.

மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடுகிற லாரி, லிட்டருக்கு 5 கொடுத்தது 4 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 600 லிட்டர் போதும் என்கிற இடத்தில் 750 லிட்டர் போகிறது. லிட்டர் 90 ரூபாய் என்று போட்டால் மாதம் 13,500 ரூபாய் புகையாகப் போகிறது. மூன்று மாதம் அசட்டையாக இருந்தால் 40,500 ரூபாய்!

ஆயிலுக்கும் இப்படியே. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் பொறுத்து, அளவுகோலை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் சரி. மேல் கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. "தாராளமாக இருக்கட்டும்" என்று ஊற்றினால் ஆயில் நுரைத்துப் பொங்கி, அதுவே செலவுக்கு ஒரு காரணமாகிவிடும். பழைய வண்டிகளுக்குப் பட்டறைகளில் சொல்லும் உத்தேசக் கணக்கு ஒன்று உண்டு: 100 லிட்டர் டீசல் எரிந்தால் அரை லிட்டர் ஆயில் குறைவதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஒரு லிட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

இந்த நோட்டை டிரைவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டு வருஷ நம்பிக்கையை வெறும் சந்தேகத்துக்குப் பலி கொடுக்க வேண்டாம். எண்கள் ஒரே சீராகக் கெட்டுக்கொண்டு வந்தால் குற்றவாளி வண்டியாக இருக்கும்.

லாரி எப்படிச் சமைக்கிறது?

டீசல் என்ஜினில் தீக்குச்சி கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்புறம் சுடுகிறதல்லவா? அதே சங்கதிதான். காற்றைப் பலமாக அமுக்கினால் அது கொதிப்பேறிவிடும். அந்தக் கொதிக்கிற காற்றுக்குள் டீசலைப் பூத்தூவலாகப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஜெர்மனியின் ருடால்ஃப் டீசல் என்ற பொறியாளர் 1897-ல் இந்த என்ஜினை நன்றாக ஓட்டிக் காட்டினார். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடியது. நம் சமையலறைக்கு அது அவ்வளவு தூரத்து உறவு அல்ல!

ஆக, சமையல் நன்றாக அமைய மூன்று வேண்டும்: போதிய காற்று, சரியான அளவில் பூத்தூவலான டீசல், நல்ல அமுக்கம். முதல் இரண்டில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் சில்லறைச் செலவோடு போகும். மூன்றாவதுதான் வளையலைக் கேட்கும். ஆகவே, முதல் இரண்டையும் பார்க்காமல் மூன்றாவதற்குப் போகக் கூடாது.

டீசல் போகும் பாதை

டாங்கிலிருந்து ஒரு சிறு பம்ப் டீசலை இழுக்கிறது. அது பில்டரில் வடிகட்டப்பட்டு, பெரிய பம்புக்குப் போகிறது. பெரிய பம்ப் அதை அளந்து, நாசில் வழியாகப் பீச்சுகிறது. மேட்டில் திணறுகிற வண்டிக்கு இந்தப் பாதையை டாங்கிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும்.

முதலில் டாங்க் மூடி. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் தடுக்கித் தடுக்கி வருகிறது. எதிர்ப்புறம் இன்னொரு ஓட்டை போட்டால் தாராளமாக ஊற்றுகிறது. டாங்குக்கும் அப்படி ஒரு காற்று வழி உண்டு. பல வண்டிகளில் அது மூடியிலேயே இருக்கும். அது தூசியால் அடைத்துக்கொண்டால் டீசல் வர மறுக்கும். வண்டி திணறுகிறபோது மூடியைத் தளர்த்திப் பாருங்கள். உடனே தெளிந்தால் செலவு ஒரு துடைப்புத் துணிதான்!

அடுத்தது, டாங்கின் அடியில் தங்கும் வண்டலும் தண்ணீரும். அவை உள்ளே இருக்கும் சல்லடையை அடைக்கும். பில்டரின் அடியில் திருகு இருந்தால் அதைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். பில்டரைக் குறித்த கெடுவில் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் டாங்கை இரவு முழுதும் காலியாக வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்து தண்ணீராகிவிடும்.

மூன்றாவது, பலரை ஏமாற்றுவது. டாங்குக்கும் சின்னப் பம்புக்கும் நடுவே இருக்கும் குழாயில் கீறல் விழுந்தால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. இளநீர் குடிக்கிற குழலில் கீறல் இருந்தால் இளநீரா வெளியே வருகிறது? காற்றுத்தான் உள்ளே போகிறது. அதே மாதிரி குழாயில் காற்றுப் புகுந்துகொள்ளும். காலையில் வண்டி எழுந்திருக்க மறுக்கும். "சொட்டவே இல்லையே, குழாய் சரியாகத்தான் இருக்கிறது" என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்த இடத்தில் சிறிது நேரம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைப் போட்டுப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரிந்துவிடும். ஒரு செப்பு வாஷரோ ஒரு துண்டுக் குழாயோ மாற்றினால் தீர்ந்தது.

இத்தனைக்கும் பிறகுதான் நாசில். அதைக் கழற்றிச் சோதனை மேடையில் வைத்துப் பார்ப்பார்கள். டீசல் மூடுபனிபோல் சிதற வேண்டும், சொட்டக் கூடாது. அந்தப் பீச்சலுக்கு எதிரே யாரும் கை நீட்டக் கூடாது. கார் டயரின் காற்றைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு அழுத்தம் அதில் இருக்கும். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால், வலிக்கவில்லை என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

புகையின் நிறம்

வீட்டு வாசலில் நின்றபடியே நீங்கள் செய்யக்கூடிய பரீட்சை இது.

கறுப்புப் புகை: அடுப்பில் காற்றுக் குறைந்தால் பாத்திரத்தில் கரி பிடிக்கிற மாதிரி. டீசல் முழுக்க எரியவில்லை என்று அர்த்தம். முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள், அப்புறம் நாசில்.

வெள்ளைப் புகை: குளிர்ந்த காலையில் கொஞ்சம் வந்து மறைந்தால் பயமில்லை. கண்ணைக் கரிக்கிற வெள்ளைப் புகை நின்று வந்தால், டீசல் எரியாமலே வெளியேறுகிறது. ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

நீலப் புகை: தாளிக்கிற எண்ணெய் அளவுக்கு மேல் காய்ந்தால் வருமே, அந்தப் புகை. ஆயில் எரிகிறது. காலையில் கிளப்பும்போது ஒரு கொத்து நீலம் வந்து நின்றுவிட்டால் வால்வுப் பக்கத்துக் கசிவாக இருக்கலாம். அது பெரும்பாலும் மேற்பகுதி வேலையோடு முடிந்துவிடும். பாரத்தோடு ஓடும்போதெல்லாம் நீலமாக வந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். டர்போ உள்ள வண்டியானால், என்ஜினைக் குறை சொல்லுமுன் டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே ஆயில் நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

புகையே இல்லாமல் ஆயில் போனால்?

அப்போது கசிவைத் தேட வேண்டும். என்ஜினைத் துடைத்துச் சுத்தம் செய்து, இரவில் அடியில் பழைய அட்டைப் பெட்டியை விரித்து வையுங்கள். காலையில் பொட்டு வைத்திருக்கும். என்ஜின் மூச்சு விடுகிற ப்ரீதர் குழாய் அடைத்துக்கொண்டாலும், உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல்களின் வழியே பிதுங்கும். அதைச் சுத்தம் செய்யக் காசு வேண்டாம்.

இன்னொரு கள்ள வாசலும் உண்டு. காற்று பிரேக் உள்ள லாரிகளில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் தேய்ந்தால், என்ஜின் ஆயில் காற்றுத் தொட்டிக்குள் போய்ச் சேரும். தொட்டியின் அடித் திருகைத் திறந்தால் கொஞ்சம் ஈரமும் பிசுக்கும் வருவது சகஜம். கறுப்பு ஆயில் கொட்டினால் திருடன் அகப்பட்டான்! கம்ப்ரஸரைப் பார்த்தால் போதும். பிரேக் சம்பந்தப்பட்டதாகையால் ஒரு நாளும் தள்ளிப் போடக் கூடாது.

இரண்டு நோய்க்கு ஒரே வேர்

சகோதரி முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். டீசல் செலவும் ஆயில் செலவும் சேர்ந்தே ஏறுகின்றன என்றால், ஒன்று மற்றதைப் பெற்றிருக்கலாம். சொட்டுகிற நாசில் டீசலை வீணாக்குவதோடு நிற்பதில்லை. சிலிண்டர் சுவரில் பூசியிருக்கிற ஆயிலைக் கழுவிவிடும்; சுவரும் ரிங்கும் உலர்ந்து உரசித் தேயும். தேய்ந்த பிறகு ஆயில் மேலே ஏறி எரியும். நாசிலை நாளில் பார்த்திருந்தால் நின்றிருக்கும் செலவு, என்ஜின் செலவாக வளர்ந்துவிடும். காற்று வடிகட்டிக் குழாயின் சிறு வெடிப்பும் இப்படித்தான். அதன் வழியே போகிற புழுதி ரிங்கை அரைத்துத் தின்றுவிடும்.

அளவுகோலில் ஆயில் குறையாமல் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள். முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் டீசல் கீழே இறங்கிக் கலக்கிறது. நீர்த்துப்போன ஆயிலோடு வண்டியை ஓட்டவே கூடாது.

செலவின் வரிசை

முதலில் காசில்லாத வேலைகள்: நோட்டு, புகை, அட்டை, மூடி, ப்ரீதர். அப்புறம் பில்டர், வாஷர், குழாய். அதன் பிறகு நாசில் சோதனை. இவ்வளவும் ஆன பின்பும் நீலப் புகை நிற்கவில்லை என்றால், "கம்ப்ரஷன் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், ஒவ்வொரு சிலிண்டருக்கும் என்ன அளவு என்று எழுதிக் கொடுங்கள்" என்று பட்டறையில் கேட்க வேண்டும். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எல்லாச் சிலிண்டரிலும் அமுக்கம் போயிருந்தால் அவர் சொன்னது நியாயம். என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். அப்போதும் நாசிலைச் சரிசெய்யாமல் புது ரிங் போடாதீர்கள். அதுவும் கழுவிக்கொண்டு போய்விடும்.

நான் சொன்னதெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாத பழைய லாரிகளுக்கு. 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ். 6 வண்டிகளின் சமாசாரம் வேறு. அவற்றுக்குக் கருவி வைத்துத்தான் நாடி பார்க்க முடியும்.

ஒரு மாதக் கணக்கை எழுதி முடித்த பிறகு வீட்டுக்காரரையும் டிரைவரையும் ஒன்றாக உட்கார வைத்து, காப்பி கொடுத்து, நோட்டைப் பிரித்துக் காட்டுங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிக்கு மெக்கானிக் இருக்கிறார். வளையல் அதுவரை கையிலேயே இருக்கட்டும்.