‘இப்போ இது ரொம்ப முக்கியமா?’

ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்விகள். சாப்பாடு இறங்குதா? தூக்கம் வருதா? நடக்க முடியுதா? ‘கிடார் வாசிக்க முடியுதா’ என்று யாரும் கேட்பதில்லை. அவராகவே, “கையில் பிடியே இல்லை, பென்சில் நழுவுது, ஒரு கோடு நேரா வரலை” என்று சொன்னால், “உயிர் பிழைச்சு வந்ததே பெருசு. இப்போ இது ரொம்ப முக்கியமா?” என்று பதில் வரும். அன்பினால் சொல்வதுதான். ஆனாலும் தவறான பதில்.

கையை நம்பிப் பிழைப்பு நடத்துபவருக்கு இந்தப் பதில் கிடைக்காது. டெய்லரோ மெக்கானிக்கோ கை விழுந்து படுத்தால், எப்போது வேலைக்குப் போகலாம் என்று வீடே டாக்டரைக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் படம் வரைகிறவருக்காக, மாலையில் ஒரு மணி நேரம் வீணை எடுக்கிறவருக்காக யார் கேட்பது? அவருடைய படத்துக்கோ வாசிப்புக்கோ யாரும் காத்திருக்கவில்லை. அதனால் அவரும் சீக்கிரம் விட்டுவிடுகிறார். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில், கை ஏன் பலவீனமாகிறது? காரணங்கள் பல. பக்கவாதம் வந்தால் பெரும்பாலும் ஒரு பக்கக் கை போகும். கில்லன் பாரே சிண்ட்ரோம் (ஜி.பி.எஸ்.) வந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும், அநேகமாகக் காலில் தொடங்கிக் கைக்கு ஏறும். எந்த நோயாக இருந்தாலும் ஐ.சி.யூ.வில் நாள்கணக்கில் அசையாமல் கிடந்தால் தசை கரையும். இன்னொன்றும் உண்டு. மயக்கத்தில் முழங்கை மடங்கியோ அழுந்தியோ நெடுநேரம் கிடந்தால் அங்கே ஓடும் உல்நார் நரம்பு நசுங்கும். முழங்கையை இடித்துக்கொண்டால் சுரீர் என்று ஷாக் அடிக்குமே, அதே நரம்பு! அது பாதிக்கப்பட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும், பிடி தளரும்.

நரம்பின் மேலுறை மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகலாம். உள்ளிழையே அறுந்திருந்தால் அது மறுபடி வளர்ந்துதான் வர வேண்டும். வளரும் வேகம் நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசைகள் வரை 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 250 நாட்கள், அதாவது எட்டு மாதங்களுக்கு மேல். ஆனால் பலரும் மூன்றாவது மாதமே பழைய பாட்டை, அதுவும் இருப்பதிலேயே கஷ்டமான பாட்டை வாசித்துப் பார்க்கிறார்கள். வரவில்லை. “இனி அவ்வளவுதான்” என்று பெட்டியை மூடிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் நரம்பு மணிக்கட்டைக்கூட எட்டியிருக்காது.

எனவே ‘கை சரியானதும் பார்த்துக்கலாம்’ என்பது நல்ல யோசனை அல்ல. கை முழுவதும் சரியாகும் வரை காத்திருந்தால் அதற்குள் ஆசை போய்விடும். டாக்டர் அனுமதித்தவுடன், சிறிய அளவில், மாற்றிய வடிவில் பொழுதுபோக்கைத் திரும்ப எடுத்துவிட வேண்டும்.

இது ஏதோ பொழுதுபோகாதவர்களின் கோரிக்கை அல்ல. ஆக்குபேஷனல் தெரபி என்று ஒரு துறையே இருக்கிறது. பெயரைப் பார்த்து வேலைக்கான சிகிச்சை என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவர் தன் நாளை நிரப்பும் எல்லாச் செயல்களும் அதில் அடக்கம். 1991ல் வெளியாகி, உலகின் பல நாடுகளில் பயன்படும் ஒரு கனடா நாட்டு அளவீடு நோயாளியிடம் மூன்று வகைச் செயல்களைப் பற்றிக் கேட்கிறது: தன்னைப் பார்த்துக்கொள்ளுதல், வேலை, ஓய்வுநேரச் செயல்கள். எது முக்கியம் என்று மதிப்பெண் போடுவது டாக்டர் அல்ல, நோயாளி! சட்டை பட்டன் போடுவதற்குப் பக்கத்திலேயே சித்திரத் தையலுக்கும் அங்கே இடம் இருக்கிறது.

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? மெல்லிய பென்சிலைப் பிடிக்கத்தான் பலம் அதிகம் வேண்டும். அதன்மேல் துணியோ ஸ்பாஞ்சோ சுற்றித் தடிமனாக்கினால் பாதிக் கஷ்டம் குறையும். ஹெச்.பி. பென்சிலுக்குப் பதில் 6பி எடுத்தால் அழுத்தவே வேண்டாம். பெரிய காகிதத்தில் வரைந்தால் விரலின் வேலையைத் தோள் செய்யும். எஃகுக் கம்பி கிடாருக்குப் பதில் நைலான் கம்பி. எம்பிராய்டரி வளையத்தை ஒரு கையால் பிடிப்பதற்குப் பதில் ஸ்டாண்ட். கேமராவுக்கு முக்காலி. கோலப்பொடியை விரல் நுனிகளில் கிள்ளிச் சீராக விடுவது நுணுக்கமான வேலை. அதற்குக் கோலக்குழாய் இருக்கிறது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். மறுநாள் காலை கை இன்னும் சோர்ந்திருந்தால் முதல் நாள் அளவு மீறியது என்று அர்த்தம்.

“இதெல்லாம் ஏமாற்று வேலை, பழையபடி செய்தால்தான் கலை” என்பவர்களும் உண்டு. பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1941ல், 71 வயதில், வயிற்றில் பெரிய ஆபரேஷன் செய்துகொண்டார். அதன்பின் பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும்தான். அவர் இழந்தது கையின் பலத்தை அல்ல, நின்று வரையும் பலத்தை. உதவியாளர்கள் காகிதத்துக்கு வண்ணம் பூசித் தர, அவர் கத்தரிக்கோலால் வெட்டினார். அவர் சொன்ன இடத்தில் அவர்கள் ஒட்டினார்கள். 1947ல் ‘ஜாஸ்’ என்ற புத்தகமே அப்படி வந்தது. அதை ஏமாற்று என்று இன்று யாரும் சொல்வதில்லை.

தந்தி ஆபரேட்டர்கள் கதையும் இதுதான். நாள் முழுக்கச் சாவியை மேலும் கீழும் தட்டியதில் பலருக்குக் கை வீணானது. ‘கிளாஸ் ஆர்ம்’ என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். ஹொரேஸ் மார்ட்டின் என்ற அமெரிக்கர் 1904ல் பக்கவாட்டில் தள்ளும் சாவிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு முறை தள்ளினால் ஸ்பிரிங் அதிர்ந்து புள்ளிகளை வரிசையாகத் தானே அனுப்பிவிடும். வைப்ரோபிளெக்ஸ் என்று பெயர். வலித்த கைக்காக வந்த அந்தக் கருவியை ஹாம் ரேடியோ பிரியர்கள் இன்றும் விரும்பி வைத்திருக்கிறார்கள்.

இதில் எச்சரிக்கையும் வேண்டும். மரத்த விரலுக்குச் சூடும் வெட்டும் தெரியாது. சால்டரிங், உளி எல்லாம் கடைசியில்தான். பலவீனம் கூடினாலோ புதிதாக எங்காவது மரத்துப்போனாலோ டாக்டரிடம் போக வேண்டும். பொழுதுபோக்கு, சிகிச்சைக்கு மாற்று அல்ல. சிலருக்குப் பழைய கை திரும்புவதே இல்லை. தடித்த பென்சில் பழைய மெல்லிய கோட்டைத் தராது. அந்த இழப்புக்கு வருத்தப்படுவதும் நியாயம்தான். ‘பாசிட்டிவ்வா இருங்க’ என்று அதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் வருத்தப்படுவது வேறு, யாரும் கேட்கவில்லை என்பதற்காக விட்டுவிடுவது வேறு. அடுத்த முறை தெரபிக்குப் போகும்போது அந்த ஊசியையோ, பென்சிலையோ, மோர்ஸ் சாவியையோ பையில் போட்டு எடுத்துச் சென்று, “எனக்கு இதைத்தான் செய்யணும்” என்று மேஜைமேல் வைக்கலாம். மாவு பிசைவதும் பந்து அமுக்குவதும் எதற்காக என்று அப்போது இருவருக்குமே தெரிந்திருக்கும்.