போன வருஷப் பாடம் இந்த வருஷம் எங்கே?

கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்க எத்தனை மார்க் வேண்டும் என்று ஜூன் மாதம் வந்தால் ஊரே பேசுகிறது. அப்படிச் சேர்ந்த பிள்ளை, முதல் வருஷம் படித்ததில் எவ்வளவை நாலாம் வருஷம் வரை கையில் வைத்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

நம் நாட்டில் இந்தப் படிப்பு நாலரை ஆண்டு, அதன்மேல் ஓராண்டு பயிற்சி. அந்தந்த வருஷப் பாடத்துக்கு அந்தந்த வருஷமே பரீட்சை. தேறிவிட்டால் புத்தகம் பரணுக்குப் போய்விடும். முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் கட்டியவன் சொல்கிறேன்: மார்க் பட்டியல் என்பது அன்றைக்கு இருந்த இருப்புக் கணக்கு, அவ்வளவுதான். பென்ஷன் வாங்கும் நம்மிடம், உயிரோடு இருக்கிறீரா என்று வருஷா வருஷம் சான்று கேட்கிறார்கள். போன வருஷச் சான்று செல்லாது. மாட்டுக்கு ஊசி போடப்போகிறவரின் உடற்கூறு அறிவுக்கு மட்டும் ஒரே சான்று ஆயுசுக்கும் செல்லுமாம்!

இது வெறும் காகிதச் சண்டை இல்லை. நல்ல கறவை மாடு கன்று போட்ட ஓரிரு நாளில் திடீரென்று படுத்துவிடும். கழுத்தை விலாப் பக்கம் மடித்துக்கொண்டு கிடக்கும். இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர். ஆனால் உடம்பு சுடாது, காது சில்லென்று இருக்கும். மடியில் பால் இறங்கும் வேகத்தில் ரத்தத்திலிருந்த கால்சியம் குறைந்துபோனதுதான் காரணம். கால்சியம் மருந்தை ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்றினால் பல மாடுகள் சற்று நேரத்தில் எழுந்து நின்றுவிடும். அவசரப்பட்டு ஏற்றினால் இதயமே நின்றுபோகலாம். இதயத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள உறவு தொடக்கத்தில் படித்தது. மருந்து பின்னால் வந்தது. நோய் கடைசியில் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில், மூன்றும் ஒரே தலைக்குள் இருந்தாக வேண்டும். இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிறவளுக்கு அதில் ஒன்று போனால் பாதிச் சொத்து போன மாதிரி.

வழி இல்லாமல் இல்லை. நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகமும், அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி பிரிவும் 1970களிலேயே மனித மருத்துவப் படிப்பில் கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு. வளர்ச்சித் தேர்வு என்று சொல்லலாம். முதலாம் ஆண்டு மாணவரும் கடைசி ஆண்டு மாணவரும் ஒரே நாளில் ஒரே கேள்வித்தாளை எழுதுகிறார்கள். பட்டம் வாங்கும் நாளில் என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதுதான் கேள்வி. மாஸ்ட்ரிக்டில் வருஷத்துக்கு நான்கு முறை. ஒவ்வொரு முறையும் தாள் புதிது. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கொஞ்சம்தான் தெரியும், அதில் வெட்கமில்லை. அடுத்தடுத்த தேர்வில் அந்தக் கோடு ஏறுகிறதா, உடற்கூறு மட்டும் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் ஹனோவர் முதலிய கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் இதை எடுத்துக்கொண்டன, பாஸ் ஃபெயில் போடுவதற்காக அல்ல, மாணவர் தன் நிலையைத் தெரிந்துகொள்வதற்காக.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, விடைகளில் ‘தெரியாது’ என்று ஒரு கட்டம் இருப்பதுதான். அதைத் தொட்டால் சைபர். தப்பாக ஊகித்தால் இருக்கிற மார்க்கிலும் கழிப்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிய டாக்டர் மாட்டுக்கும் நல்லது, மாட்டுக்காரருக்கும் நல்லது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாங்கள் இதன் ஒரு பாதியை அறிவோம். எங்கள் ‘மிசியே’ வாரம் தவறாமல் சொல்வதெழுதுதல் வைப்பார். ஐந்து தப்பு வந்தால் சைபர். இந்தப் பாடத்திலிருந்து வரும் என்று எதையும் சொல்ல முடியாது. கீழ் வகுப்பில் படித்த இலக்கணமும் அதில் வந்து நிற்கும். முந்தின ராத்திரி கண்விழித்து ஒரு பயனும் இல்லை. வளர்ச்சித் தேர்வும் அப்படித்தான். இத்தனை அலகு, இவ்வளவு பக்கம் என்று எல்லை இல்லாததால் மனப்பாடக்காரருக்கு அங்கே வேலை கிடையாது.

“முதல் வருஷப் பிள்ளையிடம் கடைசி வருஷக் கேள்வியா? மனசு ஒடிஞ்சு போயிடும் சார்” என்கிறார் என்னோடு நடக்க வரும் நண்பர். எல்லாக் கேள்விக்கும் விடை தெரிய வேண்டும் என்று சொல்லி உட்கார வைத்தால் ஒடியும்தான். எத்தனை தெரிகிறது, பார்த்து வா என்று அனுப்பினால் ஏன் ஒடிய வேண்டும்? சினை பார்க்கும் கை, தையல் போடும் கை இதெல்லாம் காகிதத்தில் தெரியாது என்று அவர் சொன்னது சரி. அதற்குத் தொழுவத்திலேயே தனித் தேர்வு வைக்க வேண்டும். ஆனால் இந்த மார்க்கை ராங்க் பட்டியலாக ஒட்டும் நாளில் இந்த முறையும் கெட்டது. அடுத்த வாரமே அதற்கு டியூஷன் போர்டு தொங்கும்.

உண்மையான சிக்கல் கேள்வி எழுதுவதில்தான். ஒவ்வொரு முறையும் புதுத் தாள், அதைச் சரிபார்க்க ஆட்கள், ஒரு தாள் கடினமாகவும் அடுத்தது சுலபமாகவும் போனால் அதற்கேற்ற கணக்கு. ஒரு கல்லூரியால் தனியாக ஆகாது. சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளோடு நம் புதுச்சேரிக் கல்லூரியும் கைகோத்தால் ஆளுக்குக் கொஞ்சம் கேள்வி எழுதிப் பொதுவில் வைக்கலாம். முதல் வருஷம் இரண்டு தாள் போதும்.