கூடலூரின் இரவுப் பணிக்கு ஆள் வேண்டும்

கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர். சமவெளியில் இது பெரிய தூரமில்லை. ஆனால் இங்கே சாலை தவளமலை வளைவுகளில் ஏறி, நடுவட்டம், பைக்காரா வழியாகப் போகிறது. மழைக்காலத்தில் மண் சரியும். மூடுபனி இறங்கினால் முன்னால் போகும் வண்டி தெரியாது. யானை சாலையில் நின்றால் அது நகரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கூடலூரில் எழுதப்படும் ‘மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்’ என்ற ஒற்றை வரி, வலி எடுத்த கர்ப்பிணியை நள்ளிரவில் இந்தப் பாதையில்தான் ஏற்றிவிடுகிறது.

2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ஊட்டியிலுள்ள நீலகிரி மருத்துவக் கல்லூரியும் அவற்றில் ஒன்று. கல்லூரி வந்ததும் அதன் மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் போய்விடும். மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற தகுதி அதே மாவட்டத்தின் இன்னோர் ஊருக்குப் போகும். நீலகிரியில் கூடலூருக்கு, திண்டுக்கல்லில் பழனிக்கு, ராமநாதபுரத்தில் பரமக்குடிக்கு, கிருஷ்ணகிரியில் ஓசூருக்கு என்று அந்தத் தகுதி வந்து சேர்ந்தது.

இந்த ஏற்பாட்டை நாம் எதிர்க்கவில்லை. மாரடைப்பு, பக்கவாதம், தலைக்காயம் போன்றவற்றுக்கான சிகிச்சை ஓரிடத்தில் குவிந்திருப்பதே நல்லது. விலையுயர்ந்த கருவி வேண்டும். அதைத் தினமும் கையாண்டு பழகிய கைகளும் வேண்டும். ஆனால் பிரசவமும் பாம்புக்கடியும் 50 கிலோமீட்டர் பொறுக்காது.

கல்லூரிகளுக்கு அனுமதி வாங்கியது தாங்களே என்கிறது அதிமுக. பணிகளை முடித்தது தாங்கள் என்கிறது திமுக. 2,145 கோடி ரூபாய் தந்தது மத்திய அரசு என்கிறது பாஜக. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் தகுதி உயர்ந்த ஊர்களில் இரவுப் பணிக்கு யார் இருக்கிறார்கள் என்று சட்டமன்றத்தில் இதே வேகத்தோடு யாரும் கேட்பதில்லை.

ஓர் அறுவைப் பிரசவத்துக்கு மகப்பேறு மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், குழந்தைகள் நல மருத்துவர் மூவரும் வேண்டும். ரத்தமும் கையிருப்பில் வேண்டும். மயக்கவியல் மருத்துவர் ஒருவர் மட்டும் இருந்தால், அவர் பகல் முழுக்க வேலை செய்துவிட்டு எல்லா இரவும் விழித்திருக்க முடியுமா? அவருக்கும் காய்ச்சல் வரும், விடுப்பு வேண்டும். 24 மணி நேரச் சேவை என்றால் அந்தத் துறைக்குக் குறைந்தது மூன்று நான்கு பேர் தேவை. ஒருவரை நியமித்துவிட்டுப் பணியிடம் நிரம்பியதாகக் கணக்குக் காட்டுவதை ஏற்க முடியாது.

மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் இடம் காலியாக இருந்தால் தேசிய மருத்துவ ஆணையம் விளக்கம் கேட்கும்; மாணவர் இடங்களுக்கே ஆபத்து வரும். அதனால் அரசின் கவனம் முதலில் அங்கேதான் போகிறது. கூடலூரில் இடம் காலியாக இருந்தால் அப்படிக் கேட்க யாரும் இல்லை. மலைப்பகுதியில் பணிபுரியும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்புச் சேர்க்கையில் சலுகை உண்டு. இளம் மருத்துவர்களை அது மலையேற வைக்கிறது. முதுநிலை முடித்துவிட்ட சிறப்பு மருத்துவருக்கு அதனால் என்ன பயன்? பிள்ளைகளின் பள்ளியையும் குடியிருப்பையும் யோசித்து அவர் நகரத்தைத் தேர்ந்தெடுத்தால் அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

எனவே தகுதி உயர்வு ஆணையோடு சேர்த்தே பணியிடங்களையும் அரசு ஒதுக்கி நிரப்ப வேண்டும். மலைப்பகுதிச் சிறப்பு மருத்துவர்களுக்குத் தனிப்படி, மருத்துவமனை அருகிலேயே குடியிருப்பு, குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்ததும் விரும்பிய ஊருக்கு மாறுதல் என்ற உறுதி ஆகிய மூன்றும் வேண்டும். எந்த மாவட்டத்திலும் ஒரு துறையை வேறிடத்துக்கு மாற்றும் முன், பழைய இடத்தில் என்னென்ன சிகிச்சை தொடரும் என்பதை எழுத்துப்பூர்வமாக அறிவிக்க வேண்டும்.

இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்றும் உண்டு. இன்றிரவு எந்தெந்தச் சிறப்பு மருத்துவர் பணியில் இருக்கிறார் என்பதைத் தலைமை மருத்துவமனைகள் ஒவ்வொரு நாளும் வாசலில் எழுதிவைக்கட்டும். அதையே 108 ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தெரிவிக்கட்டும். சேரம்பாடியில் வலி எடுத்த பெண்ணை ஜீப்பில் ஏற்றும் குடும்பம், வண்டியைக் கூடலூருக்கு விடுவதா, கேரள எல்லை தாண்டிச் சுல்தான் பத்தேரிக்கு விடுவதா என்பதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.