இரண்டு மணி நேரமும் முப்பது மில்லிகிராமும்

காட்பாடி வழித்தடமும் தர்மாவரம் வழித்தடமும் கூடும் சந்திப்பு பாகாலா. அவ்வழியே செல்லும் ரயிலின் ஓட்டுநர் பணியேற்கும் முன் மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். ரயிலை இயக்கும்போது கைப்பேசியை அணைத்து வைத்திருக்க வேண்டும். அதே வட்டாரத்தில் சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே இரவெல்லாம் ஓடும் லாரிக்கும் யாத்திரிகர் வேனுக்கும் அத்தகைய முன்சோதனை இல்லை. சாலையில் சட்டம் பெரும்பாலும் விபத்துக்குப் பின்னரே வந்து சேர்கிறது. அதற்குள் சான்று கரைந்துபோகிறது.

2017 ஏப்ரல் 21 அன்று ஏர்ப்பேடு காவல் நிலையத்தின் முன், மணல் கொள்ளையை எதிர்த்து முறையிடக் கூடியிருந்த ஊர்மக்கள் மீது லாரி ஒன்று பாய்ந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓட்டுநர் குடித்திருந்தார் என்று செய்திகள் வந்தன. சதியோ என்ற ஐயமும் உடன் எழுந்தது. இத்தகைய வேளையில் உடனே எடுக்கப்படும் இரத்த மாதிரி, தண்டனைக்கு மட்டுமன்று, உண்மைக்கே இன்றியமையாதது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பதைக் குற்றமாக்குகிறது. 2019 திருத்தம் முதல் குற்றத்துக்கான அபராதத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியது. ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. தண்டனை போதுமானதே. ஆனால், இரத்தத்தில் மது மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம் குறைகிறது. 60 மில்லிகிராமுடன் பிடிபட்டவர் இரண்டு மணி நேரத்தில் வரம்பைத் தொட்டுவிடுவார். 202ஆம் பிரிவோ, கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் பரிசோதிக்காவிடில் விடுவிக்கச் சொல்கிறது. நள்ளிரவில், மருத்துவர் தொலைவில் உள்ள சிற்றூரில், இந்த இரண்டு மணி நேரமே வழக்கின் ஆயுள்.

மது வாடை மட்டும் குடித்ததற்கு முடிவான சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 1971இலேயே கூறியது. 2006இல் மும்பை கார்ட்டர் சாலையில் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர் எழுவர் கார் ஏறி இறந்த வழக்கில், இரத்தத்தில் 112 மில்லிகிராம் மது இருந்ததைக் காட்டும் அறிக்கை இருந்தது. 2012இல் மூன்றாண்டுச் சிறையை அதே நீதிமன்றம் உறுதி செய்தது. எண் இருந்த இடத்தில் வழக்கு நின்றது.

கைப்பேசிக்கு அந்த எண்ணும் இல்லை. 184ஆம் பிரிவு, ஓட்டும்போது அதைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. 2020 அக்டோபர் முதல் வழிகாட்டிக்காக, கவனம் சிதறாமல், பயன்படுத்தலாம் என்ற விதியும் உண்டு. 'வரைபடம் பார்த்தேன்' என்பவரை எப்படி மறுப்பது? உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு விபத்திலும் ஓட்டுநரின் அழைப்புப் பதிவு, நீதித்துறை நடுவரின் ஆணையோடு, வழக்கமாகவே கோரப்பட வேண்டும். பேச்சின் உள்ளடக்கம் தேவையில்லை. விபத்து நேர்ந்த நிமிடத்தை ஒட்டிய பதிவுகள் போதும்.

சோதனை பெருகினால் வசூலும் பெருகும் என்று சாலையில் செல்வோர் அஞ்சுவது பொருளற்றதன்று. ஆயினும் அச்சிட்டு வரும் அளவு குடித்தவரைப் பிடிப்பது போலவே குடிக்காதவரைக் காக்கவும் செய்கிறது. காவலரின் மூக்கை நம்பும் முறையிலேதான் பேரத்துக்கு இடம் மிகுதி.

ஆகவே அபராதத்தை மேலும் ஏற்றுவது இப்போதைய தேவையன்று. நெடுஞ்சாலையோரக் காவல் நிலையம் ஒவ்வொன்றிலும் பழுதில்லாத மூச்சுச் சோதனைக் கருவியும், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் இரவிலும் இரத்த மாதிரி எடுக்க ஒருவரும் இருக்க வேண்டும். பாகாலாவைக் கடக்கும் ரயில் பயணிக்கு கிடைக்கும் காப்பில் ஒரு பங்காவது, அதே ஊர்ச் சாலையில் நடப்பவருக்கும் உரியது.